மழையே இல்லை, சீலிங் ஒழுகுகிறது: குளிர்ப் பிரதேச வீட்டுக் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

மூன்று வாரமாக வெளியே மைனஸ் 30 டிகிரி. மழை என்ற பேச்சே இல்லை. ஒருநாள் காற்று திசை மாறி, வெப்பநிலை சட்டென்று பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அன்று மதியம் மாடிப் படுக்கையறையின் சீலிங்கில் ஓர் ஈரவட்டம். மாலைக்குள் சொட்டத் தொடங்கிவிடுகிறது. கூரை வேலைக்காரர் ஏறிப் பார்க்கிறார், ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை. வந்ததற்கு இரண்டு இடத்தில் தார் பூசிவிட்டு இறங்குகிறார். அடுத்த வருடமும் குளிர் விட்ட முதல் நாளில் அதே இடத்தில் அதே வட்டம்.

அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து ஏறிப் போனது. குளித்தது, சமைத்தது, துணி உலர்த்தியது, மூச்சு விட்டது எல்லாம் ஆவியாகி, சீலிங்கில் விளக்குக்காகப் போட்ட துளை வழியாக அட்டிக்குக்கு, அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்குப் போய், கூரைப் பலகையின் அடிப்பக்கம் பனித்துகளாகப் படிந்தது. மூன்று வாரம் அங்கே சேர்ந்துகொண்டே இருந்தது. வெயிலைக் கண்டதும் மொத்தமாகத் திரும்பி வந்தது.

கடுங்குளிர் நாட்டு வீடுகளில் வரும் கோளாறுகளில் பல இந்த ரகம். ஆகவே ‘எங்கே ஒழுகுகிறது’ என்று தேடுவதற்கு முன்னால் ‘எப்போது ஒழுகுகிறது’ என்று கேளுங்கள். கடுங்குளிரின் நடுவிலா, குளிர் விட்ட முதல் நாளிலா, பலத்த காற்று அடித்த இரவிலா, கோடை முடியும்போதா? தேதி தெரிந்தால் காரணம் பாதி தெரிந்தமாதிரி.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஈரப்பதமானி ஒன்று, சுவரைத் தொடாமல் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று, புகை தரும் ஊதுபத்தி, பென்சில், தேதி எழுத ஒரு நோட்டு.

முதலில் இதைப் பாருங்கள்: வீட்டில் இருந்தால் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது

மற்ற கோளாறுகள் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. எரிவாயு, எண்ணெய், விறகு எதில் சூடேற்றும் வீடாக இருந்தாலும், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல், அசதி என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். தீயணைப்புத் துறையை வெளியிலிருந்து கூப்பிடுங்கள். உள்ளே நின்று காரணம் தேடக் கூடாது.

பிறகு, ஆபத்து நீங்கியதும் பார்க்க வேண்டியவை இரண்டு. பக்கச் சுவர் வழியாக வெளியேறும் புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருக்கிறதா? சமையலறை எக்ஸாஸ்ட், குளியலறை ஃபேன், துணி உலர்த்தி மூன்றும் சேர்ந்து ஓடும்போது புகை குழாயில் மேலே போகாமல் அறைக்குள் திரும்புகிறதா? வீட்டை இறுக்கமாக அடைத்த பிறகு இரண்டாவது கோளாறு புதிதாக முளைக்கும். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லாதபோது, வீடு புகைக்குழாய் வழியாகவே மூச்சை இழுக்கும். இறுக்கமான வீட்டுக்கு, எரிவதற்கான காற்றைத் தனிக் குழாயில் நேராக வெளியிலிருந்து எடுக்கும் ஹீட்டர்தான் பொருந்தும். எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கண்ணாடி வேர்க்கிறது

எந்தப் பக்கம் வேர்க்கிறது என்பதை விரலால் தடவிப் பாருங்கள். மூன்று பக்கமும் மூன்று வேறு செய்தி சொல்லும்.

அறைப்பக்கம் வேர்த்தால் உள்ளே ஈரம் அதிகம், அல்லது கண்ணாடி மிகக் குளிர்ந்திருக்கிறது. கணக்கு எளிது. அறை 21 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 10 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஈரப்பதம் 40 என்றால் பனிநிலை 7 டிகிரிக்கு இறங்கும், 30 என்றால் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே. கண்ணாடியின் அடி ஓரத்தைத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். நடுக்கண்ணாடி 13 டிகிரி காட்டும் ஜன்னலில் கீழ் ஓரம் 5 காட்டுவது சாதாரணம். இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து வைக்கும் ஓரப்பட்டை அலுமினியமாக இருந்தால் குளிர் அதன் வழியாக உள்ளே வந்துவிடும். அதனால்தான் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு போல நீர் தேங்கும்.

செலவில்லாத வைத்தியம் முதலில். உள்பக்கம் பொருத்திய கொசுவலையைக் குளிர்காலத்தில் கழற்றி வையுங்கள். தடித்த திரைச்சீலையை இரவில் முழுக்க மூடாமல் கீழே ஒரு சாண் விடுங்கள். இரண்டுமே அறையின் சூடு கண்ணாடியைத் தொடாமல் தடுப்பவை. ஜன்னலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை மேஜையால் மறைக்காதீர்கள். காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபையர் ஓடினால் நிறுத்துங்கள். இரட்டைக் கண்ணாடி வீட்டில் வெளியே மைனஸ் 20 ஆகும்போது உள்ளே 30 சதவீதத்தைத் தாண்டவிடாமல், மைனஸ் 30-க்குக் கீழே போனால் 20-க்குப் பக்கத்தில் வைத்திருப்பது பொதுவான வழக்கம். மூன்றடுக்குக் கண்ணாடி இருந்தால் இன்னும் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மங்கலாக இருந்து, துணியால் துடைத்தால் போகவில்லை என்றால் ஓர முத்திரை போய்விட்டது. அந்தக் கண்ணாடித் தொகுப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. முழு ஜன்னலையும் மாற்றச் சொல்பவரிடம், சட்டம் நன்றாக இருக்கும்போது கண்ணாடியை மட்டும் ஏன் மாற்றக் கூடாது என்று கேளுங்கள்.

பழைய வீடுகளில் உள்ஜன்னல், வெளிஜன்னல் என்று தனித்தனியே இரண்டு இருக்கும். வெளிஜன்னலின் உள்பக்கத்தில் பனிப்பூ பூத்திருந்தால் உள்ஜன்னலின் ரப்பர் பட்டை கசிகிறது. மாடியில் மட்டும் இப்படி, கீழ்த்தளத்தில் ஒன்றுமில்லை என்றால் இன்னும் உறுதி. சூடான காற்று மேலே ஏறி மாடி வழியாக வெளியேறுகிறது, கீழே குளிர்காற்று உள்ளே நுழைகிறது. உள்ளே 20, வெளியே மைனஸ் 20 என்றால் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 9 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வருகிறது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் குளிர்காலம் முழுக்க இரவு பகல் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும் கை அது.

வெளிப்பக்கம் வேர்த்தால் விட்டுவிடுங்கள். உள்ளிருக்கும் சூடு கண்ணாடியைத் தாண்டி வெளியே வரவில்லை என்பதற்கு அது சான்று.

மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள்

பூஞ்சை பிடிக்க நீர் சொட்ட வேண்டியதில்லை. சுவரின் பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நாள்கணக்கில் நின்றாலே போதும். அறை 20 டிகிரி, 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுவர் பரப்பு 12.6 டிகிரிக்கு இறங்கியதும் அந்த 80 வந்துவிடும். அதாவது சுவர் வேர்ப்பதற்கு முன்பே அதில் பூஞ்சை பூக்கத் தொடங்கும். பரப்பு உலர்ந்துதானே இருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான்.

தெர்மாமீட்டரை எடுத்துத் திறந்த சுவரின் நடுவில் ஒரு தடவை, மூலையில் ஒரு தடவை, அலமாரியை நகர்த்தி உடனே அதன் பின்னால் ஒரு தடவை அளந்து பாருங்கள். நடுச்சுவர் 18, அலமாரிக்குப் பின்னால் 12 என்றால் குற்றவாளி அலமாரி. சூடான காற்று அங்கே போகவே இல்லை. நான்கு விரல் இடைவெளி விட்டு, அடியிலும் காற்றுப் போக வழி செய்தால் பல வீடுகளில் கதை முடிந்துவிடும். மூலை திறந்தே இருந்தும் 12 காட்டினால் சுவருக்குள் விஷயம் இருக்கிறது. மூலையில் சுவரைத் தாங்கும் மரச்சட்டங்கள் நெருங்கி நிற்கும், சூடு வெளியேறாமல் தடுக்க நடுவில் அடைக்கும் இன்சுலேஷனுக்கு இடமே இருக்காது. மரம், பஞ்சுபோன்ற இன்சுலேஷனைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சூட்டைக் கடத்தும். எஃகுச் சட்டம் என்றால் அந்தக் கணக்கு ஆயிரம் மடங்கைத் தாண்டும்.

பிளீச் ஊற்றித் துடைத்து மேலே பெயின்ட் அடிப்பது ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. சட்டங்களின் மேல் ஓடும் குளிரை நிறுத்த நல்ல வழி, சுவரின் வெளிப்பக்கம் முழுக்க ஒரே போர்வையாக இன்சுலேஷன் போர்த்துவது. குளிருக்குச் சட்டைக்குள் பஞ்சு திணிக்காமல் மேலே கம்பளி போர்த்திக்கொள்வதுபோல. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதை அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

வசந்தத்தில் சுவரில் பழுப்புக் கறை, வெளிப்பெயின்ட் கொப்பளிக்கிறது

குளிர்காலம் முழுக்கச் சுவர் ஒழுங்காக இருந்து, பனி உருகும் மாதத்தில் மின்சுவிட்ச் பெட்டிக்குக் கீழே கறை இறங்கினால், சுவருக்குள் பனி சேர்ந்து இப்போது உருகுகிறது என்று பொருள். காற்றோடு சேர்ந்து போன ஆவி வெளிப்பலகையின் உள்முகத்தில் உறைந்திருக்கிறது.

ஆவி சுவருக்குள் போக இரண்டு வழி. ஒன்று, ஜிப்சம் பலகையின் ஊடாக மெல்ல ஊடுருவுவது. இன்னொன்று, ஓட்டை வழியாகக் காற்றோடு போவது. கட்டட இயற்பியல் வகுப்புகளில் வழக்கமாகக் காட்டும் ஒப்பீடு ஒன்று உண்டு: ஒரு குளிர்காலத்தில் முழு ஜிப்சம் பலகையின் ஊடாகப் போவது ஏறத்தாழ மூன்றிலொரு லிட்டர். அதே பலகையில் ஓர் அங்குலச் சதுர ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் போவது சுமார் முப்பது லிட்டர். ஆவியைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுவர் முழுக்கக் கவனமாக விரித்துவிட்டு, மின்பெட்டியைச் சுற்றிக் கத்தியால் வெட்டிய இடத்தை அப்படியே விட்டுவிட்டால், நீங்கள் அடைத்தது மூன்றிலொரு லிட்டரை, விட்டுவைத்தது முப்பதை.

ஊதுபத்தியைக் கொளுத்தி, பலத்த காற்றடிக்கும் ஓர் இரவில் வெளிச்சுவரில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் எதிரில் பிடியுங்கள். புகை நேராக ஏறினால் சரி. சுவருக்குள் இழுபட்டாலோ அறைக்குள் விசிறினாலோ அந்தப் பெட்டியைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் இப்படிக் குறித்தபோது, கறை இறங்கிய மூன்று இடமும் புகை இழுபட்ட மூன்று பெட்டியும் ஒன்றாகவே இருந்தன. முதல் கறையைக் கண்டதும் அந்த வீட்டார் வெளிச்சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ரப்பர் பட்டையும் சீலன்ட்டும் வைத்து அடைத்தது அரை நாள் வேலை.

இப்போது அந்தக் கண்ணி. வெளிப்பக்கம் போர்த்துவதாக முடிவு செய்தால் மெல்லிய நுரைப்பலகை ஒன்றை ஒட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். நுரைப்பலகை ஆவியை வெளியே விடாது. சட்டங்களுக்கு வெளியே இருக்கும் பலகையைப் பனிநிலைக்கு மேல் சூடாக வைக்கும் அளவுக்கு அதற்குத் தடிமனும் இல்லை. ஈரம் இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் 1999-இல் தொடங்கிய குளிர்ப் பிரதேச வீட்டு ஆராய்ச்சி மையம் இதைச் சுவர்களை வைத்தே சோதித்துப் பார்த்தது. அந்த அளவுக் குளிருக்கு அவர்கள் சொல்வது, சுவரின் மொத்த இன்சுலேஷன் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு வெளியே, ஒரு பங்குதான் சட்டங்களுக்கு நடுவில். குளிர் குறைந்த இடங்களில் வெளிப்பங்கைக் குறைக்கலாம். காசு பற்றாமல் பாதித் தடிமனில் நுரை போடுவதைவிட, இந்த வருடம் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து முழுத் தடிமனில் போர்த்துவதே மேல்.

கூரை ஓரத்தில் பனிக்குச்சிகள், சீலிங்கில் கறை

தோரணம் போலத் தொங்கும் பனிக்குச்சிகள் படம் பிடிக்க அழகு. வீட்டுக்காரருக்கு அது வெப்பம் ஒழுகும் கணக்குச் சீட்டு. கூரையின் மேல்பகுதி உள்சூட்டால் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறி அங்கே பனி உருகுகிறது. நீர் வழிந்து, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் உறைகிறது. உறைந்தது அணை கட்டுகிறது. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்குகிறது.

ஆரம்பத்தில் சொன்ன ஈரவட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பனியணைக் கசிவு வெளிச்சுவரை ஒட்டி வரும். கூரையில் கனத்த பனி இருக்கும் நாள்களில், வெளியே இன்னும் உறைநிலை இருக்கும்போதே வரும். அட்டிக் பனி உருகினால் சீலிங்கின் நடுவிலும் எங்கு வேண்டுமானாலும் சொட்டும், குளிர் விட்ட நாளில்தான் சொட்டும். சந்தேகமிருந்தால் கடுங்குளிர் நாளில் டார்ச்சோடு அட்டிக்கில் தலையை நீட்டுங்கள். கூரைப் பலகையைத் துளைத்து வந்திருக்கும் ஆணிமுனைகள் ஒவ்வொன்றும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கின்றனவா? ஆவி ஏறி வருகிறது. தொப்பிகள் எந்த இடத்தில் மிகத் தடிமனாக இருக்கின்றனவோ, அதற்கு நேர் கீழே ஓட்டை இருக்கும். பெரும்பாலும் அட்டிக் ஏறும் கதவு, குழிவிளக்கு, குழாய்கள் மேலே போகும் இடைவெளி. மகா மோசமானது, குளியலறை ஃபேனின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் அட்டிக்கிலேயே விட்டிருப்பது. இதை நான் பார்க்காத வருடமே இல்லை.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், வரிசையும் ஒன்றுதான்: முதலில் சீலிங் ஓட்டைகளை அடை, பிறகு மேலே இன்சுலேஷன் குவி, கடைசியில் ஓரத்திலிருந்து முகடுவரை குளிர்காற்று ஓடும் பாதையை இன்சுலேஷன் மூடாமல் பார். வரிசையை மாற்றி, ஓட்டையை அடைக்காமல் இன்சுலேஷனைக் குவித்தால் அட்டிக் முன்னைவிடக் குளிர்ந்துபோகும், ஆவி ஏறுவது நிற்காது, பனி முன்பைவிட அதிகமாகப் படியும். காசு செலவழித்துக் கோளாறை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் தவறியவர்கள். கூரை ஓரத்தில் வளைத்து வளைத்துப் போடும் சூடேற்றும் மின்கம்பி தற்காலிக ஒத்தடம். பனியணையைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம், குளிரில் விறைத்த ஓடு கண்ணாடிபோல உடையும்.

இன்சுலேஷன் போட்ட பிறகும் எரிபொருள் செலவு குறையவில்லை

காற்று கசியும் வீட்டுக்குத் தடித்த இன்சுலேஷன், பொத்தான் போடாத கோட்டு மாதிரி. இதை அளக்க வழி இருக்கிறது. வாசலில் பெரிய மின்விசிறி பொருத்திய சட்டத்தை வைத்து, வீட்டுக்குள் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு உண்டாக்கி, ஒரு மணி நேரத்தில் வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று பார்ப்பார்கள். இதுதான் புளோவர் டோர் சோதனை. எரிசக்தியை மிச்சப்படுத்தும் வீடுகளுக்கான கனடாவின் ஆர்-2000 தரத்துக்கு 1.5 தடவைக்குள் இருக்க வேண்டும், மிகக் குறைந்த சூடேற்றலே தேவைப்படும் பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6. பழைய வீடுகளில் பத்து, அதற்கு மேலும் வரும்.

இது நேற்று வந்த யோசனையில்லை. 1977-இல் கனடாவின் ரெஜைனாவில் சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்ற மாதிரி வீட்டைக் கட்டினார்கள். சுவருக்கு ஆர்-40, சீலிங்குக்கு ஆர்-60 இன்சுலேஷன் (ஆர் எண் கூடினால் சூடு வெளியேறுவது குறையும்), மிக இறுக்கமான அடைப்பு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி. வீட்டைச் சூடாக்கும் வழக்கமான ஃபர்னஸ் அதில் கிடையாது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குடியேறிய முதல் பாசிவ் ஹவுஸ் இந்த மாதிரி வட அமெரிக்க, ஸ்காண்டிநேவிய முயற்சிகளின் வழியில் வந்ததுதான்.

சோதனைக்காரர் விசிறியை ஓடவிட்டிருக்கும்போது அவரோடு வீடு முழுக்க நடங்கள், எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். வெறும் கையை நீட்டினாலே ஊசிபோலக் குளிர் குத்தும் இடங்கள் தெரியும். அடித்தளமும் சுவரும் சேரும் விளிம்பு, படிக்கட்டின் அடி, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி. ஜன்னல்களைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். பல வீடுகளில் ஜன்னல் கடைசிக் குற்றவாளி.

மூக்கு வறண்டு ரத்தம், மரத்தரையில் விரிசல்

மைனஸ் 20-ல் இருக்கும் காற்றை, ஈரம் முழுக்க நிறைந்ததாகவே இருந்தாலும், 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 5 சதவீதத்துக்கும் கீழே விழும். வீடு வறண்டால் வெளிக்காற்று தேவைக்கு மேல் உள்ளே வருகிறது. ஹியூமிடிஃபையர் வாங்குவதற்கு முன் கசிவை அடையுங்கள். வாங்கி ஓடவிட்டால் அந்த ஈரம் எங்கே போய் உறையும் என்பது மேலே படித்ததுதான்.

காற்றோட்டக் கருவி ஓடுகிறது, காற்று வரவில்லை

எச்.ஆர்.வி. என்று சொல்லும் இந்தக் கருவியில், வெளியேறும் ஈரக்காற்றும் உள்ளே வரும் குளிர்காற்றும் மெல்லிய தகடுகளுக்கு இருபுறமும் ஓடும். கடுங்குளிரில் ஈரக்காற்றுப் பக்கம் உறைந்து தகடுகள் அடைபடும். கருவி தானே அவ்வப்போது பனியை உருக்க முயலும், அந்தச் சமயத்தில் வெளிக்காற்று நின்றுபோவது கோளாறில்லை. மணிக்கணக்கில் நின்றால் மூடியைத் திறந்து பாருங்கள். வடிகட்டியில் தூசு, வெளிச்சுவரில் காற்று உள்ளே வரும் வாயின் வலையில் பனி, வடிகுழாயில் உறைந்த நீர் மூன்றும் வழக்கமான ஆள்கள்.

மூன்றும் சுத்தமாக இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால், உள்ளே வரும் காற்றும் வெளியேறும் காற்றும் சமமாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். உள்வரவு அதிகமானால் வீட்டின் ஈரக்காற்று சுவர்களுக்குள் தள்ளப்படும், வெளியேற்றம் அதிகமானால் புகைக்குழாய்ப் புகை திரும்பும். சத்தம் தாங்காமல் கருவியையே அணைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கண்ணாடி வேர்க்கிறது என்று கூப்பிடுபவர்கள் உண்டு. சத்தத்துக்கு மருந்து, குழாயை நெளிவில்லாமல் இழுத்துக் கட்டுவதும் கருவியை ரப்பர் பட்டையில் தொங்கவிடுவதும்.

கடுங்குளிரில் மட்டும் சாக்கடை நாற்றம், கழிப்பறையில் களகளவென்று சத்தம்

கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கழிவுக் காற்றுக்குழாயின் வாயை உறைபனி மூடிவிட்டது. சூடான ஈரக்காற்று அதன் வழியாக ஏறி, வெளியே நீட்டிய துண்டின் உள்விளிம்பில் வட்டவட்டமாகப் படிந்து வாயைச் சுருக்கும். குழாய் மூச்சுவிட முடியாததால் தொட்டியடி வளைவுகளில் நிற்கும் நீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் உள்ளே வருகிறது. உடனடி வழி, குழாயின் வாயில் வெந்நீர் ஊற்றுவது. நிரந்தர வழி, அட்டிக்கிலிருந்தே குழாயைப் பெரிய விட்டத்துக்கு மாற்றி, இன்சுலேஷன் சுற்றி, கூரைக்கு மேல் நீட்டும் உயரத்தைக் குறைப்பது.

கதவு மூடவில்லை, சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் விரிசல்

நோட்டும் பென்சிலும் இங்கேதான் தேவை. விரிசலின் இரு முனையிலும் கோடு கிழித்துத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து பக்கத்திலேயே குறியுங்கள். ஒரு வருடம் பொறுமை வேண்டும். பயத்தில் அடித்தளத்தைத் தோண்டும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

மாடியின் நடுச்சுவர்களுக்கும் சீலிங்குக்கும் இடையில் குளிர்காலத்தில் விரிசல் திறந்து கோடையில் மூடிக்கொண்டால், அடித்தளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூரைச் சட்டகத்தின் அடிமரம் இன்சுலேஷனுக்குள் புதைந்து சூடாக, வறண்டு இருக்கிறது. மேல்மரங்கள் குளிரில் ஈரம் ஏற்று நீளுகின்றன. சட்டகம் வில்லாக வளைந்து சீலிங்கை மேலே தூக்குகிறது. சீலிங் பலகையை நடுச்சுவரின் ஓரத்தில் சட்டகத்தோடு அடிக்காமல் சுவரோடு பிடித்துவிட்டால் பலகை வளைந்துகொடுக்கும், விரிசல் தெரியாது.

கதவு நடுக்குளிரில் இறுகி, வசந்தத்தில் தானே சரியானால் மண் உறைந்து தூக்குகிறது. நீர் உறையும்போது 9 சதவீதம் விரிவது இதில் சின்னப் பங்கு. வண்டல் மண் கீழிருந்து நீரை உறிஞ்சி உறிஞ்சி, தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியை அடுக்குவதுதான் வீட்டைத் தூக்கும். வண்டல், நீர், உறைநிலை மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும், ஒன்றை எடுத்தாலே போதும். கூரை நீரை அடித்தளத்திலிருந்து தள்ளி விடுங்கள், வடிகால் போடுங்கள். ஸ்காண்டிநேவியாவில் அடித்தளத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் படுக்கைவாக்கில் நுரைப்பலகை விரித்து, வீட்டுச் சூடு வெளியேறாமல் மண்ணையே உறையவிடாமல் வைப்பது பழைய வழக்கம். வெப்பமில்லாத கராஜ் மட்டும் தூக்கினால் இந்த வழியில் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், அங்கே கீழிருந்து தர வீட்டுச் சூடு இல்லை.

கோடை முடிவில் கதவு இறுகி, குளிர்காலம் வந்தும் திரும்பாமல், வருடத்துக்கு வருடம் வீடு ஒரு பக்கம் சாய்ந்தால், வீடு கோடையிலும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணின் மேல் நிற்கிறது, அந்த மண் உருகுகிறது. இங்கே மேலே சொன்ன புத்தி தலைகீழாகும். மற்ற இடத்தில் மண்ணுக்கு வீட்டுச் சூடு உதவும், இங்கே அந்தச் சூடுதான் எதிரி. ரஷ்யாவின் சைபீரியாவில் இருக்கும் யாகுட்ஸ்க் நகரில் கட்டடங்களைத் தூண்களின் மேல் ஏற்றி, அடியில் குளிர்காற்று ஓட விட்டிருப்பது இதனால்தான். அடியில் இருக்கும் அந்த வெற்றிடத்தைக் காற்று வருகிறதே என்று பலகை அடித்து மூடிவிடாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே பனி குவிந்து மூடினாலும் அதே கேடு, பனியே ஒரு போர்வை. தூண் வசதி இல்லாத இடங்களில் தெர்மோசைஃபன் குழாய்கள் உண்டு. மண்ணைவிட வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் மாதங்களில் உள்ளிருக்கும் திரவம் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரும்பிக் கீழே வந்து, மின்சாரமே இல்லாமல் மண்ணின் சூட்டை வெளியே எடுத்துவிடும். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் தடத்தில் வரிசையாக நிற்பவை அவைதாம்.

சாய்வைச் சரிசெய்ய ஜாக்கி வைத்துத் தூக்குகிறவரிடம், தரையில் மட்டம் பார்த்து உயரங்களைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த செப்டம்பரில் அதே புள்ளிகளில் மீண்டும் அளந்தால், மண் நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.